முதல் நாளே பொன்னாடை

சென்ற மாதம் என் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்து ஒரு மூச்சுப் புலம்பிவிட்டுப் போனாள். அவளும் சிநேகிதிகளும் சேர்ந்து இணையத்தில் இலவச வகுப்பு நடத்துகிறார்களாம். ஆரம்பத்தில் திரை முழுக்கப் பிள்ளைகளின் முகமாம். இப்போது நாலே பேராம். அந்த நாலு பேரும் கேமராவை மூடிவிட்டு எங்கேயோ உட்கார்ந்து மீ கோரேங் சாப்பிடுகிறார்களாம்.

"அத்தை, நீங்க அந்தக் காலத்துல சங்கத்துல ஃப்ரீ டியூஷன் நடத்தினீங்கல்ல? பிள்ளைங்கள எப்படிப் பிடிச்சு வச்சீங்க?"

"அது இருக்கட்டும். பாடம் சொல்லித் தர்றேன்னு பேர் குடுத்தவங்க எத்தன பேரு? இப்ப வர்றவங்க எத்தன பேரு?"

அவள் காப்பியை ஆற்ற ஆரம்பித்தாள். காப்பி அதற்கு முன்பே ஆறிப்போயிருந்தது.

வகுப்பு திரைக்குள் போனதைத் தவிர வேறு எதுவும் மாறவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன். யார் மனமும் புண்படாமல் எழுத வேண்டும் என்ற கவலையெல்லாம் எனக்குக் கிடையாது. புண்பட வேண்டியவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதிப் பேருக்குக் கண் தெரியவில்லை.

என்னை எல்லாரும் சரோஜா டீச்சர் என்பார்கள். நான் முறையாகப் பயிற்சி பெற்ற டீச்சர் இல்லை. கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் கொஞ்ச காலம் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன், அவ்வளவுதான். கல்யாணமாகி, ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த கணவரோடு செந்தூலுக்கு வந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு நலச் சங்கம், தன் இலவச டியூஷன் வகுப்பைக் கவனித்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஆள் தேடியது. சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். பாடம் நடத்துகிறவர்கள் எல்லாரும் தொண்டூழியர்கள், சம்பளம் வாங்காதவர்கள். அவர்களை வரவழைப்பது, கதவைத் திறப்பது, கரும்பலகையைத் துடைப்பது, பிள்ளைகளைச் சமாளிப்பது எல்லாம் என் வேலை. இதில் கடினமானது பிள்ளைகள் என்று நினைத்துத்தான் வேலையில் சேர்ந்தேன்.

சங்கத் தலைவர் ஹார்ட்வேர் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இனிமேல் சொன்னால் யாரும் நம்ப மாட்டீர்கள்.

தலைவருக்கு மைக் இல்லாமல் பேச வராது. எங்கள் வகுப்பறை ஒரு கடைவீட்டின் மாடி. பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பையன் தும்மினால் முன்வரிசைக்குத் தெறிக்கும். அந்த அறைக்கு மைக், ஸ்பீக்கர், அதைத் தூக்கி வர ஒரு ஆள். தலைவர் மைக்கைத் தட்டுவார், ஊதுவார், "கேட்குதா?" என்பார். தெரு முனையில் ரொட்டி சானாய் போடுகிறவருக்கும் கேட்டது என்று யாராவது சொல்ல வேண்டும். பிறகு "இரண்டே வார்த்தை" என்று ஆரம்பிப்பார். கீழே கடையில் என்னோடு பேசும்போது, "என்னா டீச்சர், சாப்டாச்சா லா?" என்று சாதாரணமாகப் பேசுகிற மனிதர், மைக்கைப் பிடித்தால் செந்தமிழில் பொங்குவார். சமுதாயம், விடியல், விழிப்பு, எழுச்சி எல்லாம் வரிசையாக வரும். அந்த இரண்டு வார்த்தை முடிவதற்குள் பிள்ளைகள் கொட்டாவி விட்டுக் களைத்துப் போயிருப்பார்கள்.

ஒவ்வொரு பள்ளித் தவணைக்கும் ஒரு தொடக்க விழா உண்டு. வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் குத்துவிளக்கு, கடவுள் வாழ்த்து, வரவேற்புரை. வந்திருக்கும் பிரமுகர்களின் பெயர்களை அந்தஸ்து வரிசைப்படி வாசிக்க வேண்டும். ஒரு பெயரை முன்னே பின்னே மாற்றி வாசித்துவிட்டால், அந்த ஆள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வடையைக்கூடத் தொடாமல் போய்விடுவார். எல்லாவற்றுக்கும் மேல், பாடம் நடத்தப் போகிற தொண்டூழியர்களுக்குப் பொன்னாடை. அதைப் போர்த்தும்போது போட்டோ. அந்தப் போட்டோ பத்திரிகையில் வரும். 'கல்விப் பணியில் வழக்கறிஞர்' என்று கீழே போட்டிருக்கும்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து, அது பத்திரிகையிலும் வந்துவிட்டால் அந்தக் காரியம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அதைச் செய்ய வேண்டியதில்லை.

முதல் சனிக்கிழமை எல்லாரும் வருவார்கள். வந்து பாடம் நடத்த மாட்டார்கள், தாங்கள் எப்படி முன்னேறினோம் என்று சொல்வார்கள். மண்ணெண்ணெய் விளக்கில் படித்த கதை, செருப்பில்லாமல் நடந்த கதை. கணக்குச் சொல்லித்தர வந்த இன்ஜினியர் ஒருவர் இரண்டு மணி நேரமும் தன் கதையையே சொல்லிவிட்டு, கடைசியில் "ஆக, கணக்கு மிக முக்கியம்" என்று முடித்துக்கொண்டு காரில் ஏறிப் போனார். இரண்டாவது வாரம் பாதிப் பேர் வருவார்கள். மூன்றாவது வாரம் நானும் கரும்பலகையும்தான்.

இதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியாதா? பஸ் பிடித்து வந்து, திறக்காத புத்தகத்தோடு திரும்பிப் போகிற பிள்ளை எத்தனை தடவை வரும்? ஆனால் சங்க நிர்வாகிகளின் செயலவைக் கூட்டத்தில் ஆராய்ச்சி வேறு மாதிரி நடந்தது. "நம்ம பிள்ளைங்களுக்கு அக்கறை இல்ல," என்றார் ஒருவர். "பெத்தவங்க சரியில்ல," என்றார் இன்னொருவர். சாப்பிட மீஹூன் பொட்டலம் கொடுத்தால் நிற்பார்கள் என்றார் துணைத் தலைவர். தன்முனைப்பு முகாம் நடத்தி எழுச்சி ஊட்டலாம் என்றார் தலைவர். அந்த முகாமுக்கும் ஒரு தொடக்க விழா வைப்பதாகத் தீர்மானம் ஆனது. நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

மகேஸ்வரி வந்தது அந்த வருஷம்தான்.

பண்டமாரானிலிருந்து வருவாள். கிள்ளானுக்கு ஒரு பஸ், அங்கிருந்து கோலாலம்பூருக்கு இன்னொரு பஸ், பிறகு நடை. அவள் பள்ளி இறுதிப் பரீட்சையான எஸ்.பி.எம். ஒரு தடவை எழுதி மலாய்ப் பாடத்தில் தோற்றவள். மலாயில் தோற்றால் மற்ற எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தாலும் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாமல் அவள் ஆசைப்பட்ட தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பம்கூடப் போட முடியாது. அந்த வருஷம் மறுபடியும் எழுதலாம் என்று அவள் அப்பா ஒப்புக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தடவைதான். அதுவும் போனால் ஷா ஆலாம் தொழிற்சாலை பஸ் காலையில் அவர்கள் வீட்டுப் பக்கமே வருகிறது, ஏறிக்கொள்ள வேண்டியதுதான்.

மலாய் சொல்லித்தர ஒப்புக்கொண்டவர் வக்கீல் சண்முகநாதன். பெட்டாலிங் ஜெயாவில் வீடு. கார் இருந்தது, காருக்கு ஏர்கண்டிஷனும் இருந்தது. பொன்னாடை வாங்கிய பிறகு இரண்டு தடவை வந்தார்.

ஒரு சனிக்கிழமை சரியான மழை. மகேஸ்வரி சொட்டச் சொட்ட நனைந்து வந்து, பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி வைத்திருந்த புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். புத்தகம் மட்டும் காய்ந்திருந்தது. நான் வக்கீல் வீட்டுக்குப் போன் செய்தேன். வேலைக்காரப் பெண் எடுத்து, "ஐயா தூங்குறாரு," என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரிசீவரை வைத்த சத்தம் கீழே கடைவரைக்கும் கேட்டிருக்கும்.

"அவரு வரமாட்டாரு டீச்சர்," என்றாள் மகேஸ்வரி.

"ஏம்மா அப்படிச் சொல்ற?"

"அன்னைக்கே துண்டு போட்டு அனுப்பிட்டீங்கல்ல. எங்க பக்கம் வீட்டு வேலைக்கு ஆள் கூப்பிட்டா, வேலை முடிஞ்ச பெறகுதான் கூலி குடுப்பாங்க. மொதல்லயே குடுத்தா அவன் நேரா சம்சு குடிக்கப் போயிருவான் லா."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. புத்தகத்தை மறுபடி பிளாஸ்டிக் பையில் சுற்றினாள்.

"அடுத்த வாரம் அப்பா அனுப்ப மாட்டாரு டீச்சர். சும்மா போய் சும்மா வர்றேன்னு ஏசுறாரு."

அடுத்த நாளே பண்டமாரானுக்குப் போனேன். அவள் அப்பா முனியாண்டி துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர். கைலியோடு வாசலில் லோரி டயர் மேல் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலி போட்டார். ஆனால் பேச்சில் விட்டுக்கொடுக்கவில்லை.

"டீச்சர், நான் ஏத்துன சாமான் போய்ச் சேரலன்னா பாஸ் என்னைத்தான் ஏசுவாரு. உங்க வாத்தியார் வரலன்னா அவர யாரு ஏசுறது?"

பத்து வருஷம் பேசினாலும் எங்கள் செயலவை இப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருக்காது.

"நான் ஏசுறேன் அண்ணே," என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி, பரீட்சை வரைக்கும் அனுப்புறேன். அப்புறம் உங்க பேச்ச நம்ப மாட்டேன்," என்றார்.

அடுத்த தவணையின் தொடக்க விழா நெருங்கிக்கொண்டிருந்தது. வாங்கி வைத்த பொன்னாடைகள் எல்லாம் என் அறையில் இரும்பு அலமாரியில் இருந்தன. விழா அன்று காலையில் அலமாரியைப் பூட்டிச் சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

குத்துவிளக்கு ஏற்றியாகிவிட்டது. தலைவர் மைக்கில் பொங்கி முடித்துவிட்டார். "அடுத்து, நம் கல்விச் செம்மல்களுக்குப் பொன்னாடை," என்று கையை நீட்டினார். கையில் எதுவும் வந்து விழவில்லை. போட்டோக்காரர் கேமராவைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

தலைவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் குனிந்தார். "டீச்சர், துண்டு எங்க?"

"அலமாரியில இருக்கு சார். பரீட்சை முடிஞ்ச பெறகு போர்த்தலாம். கடைசி வரைக்கும் வர்றவங்களுக்கு மட்டும்."

"என்னா டீச்சர் இது! வந்தவங்கள அவமானப்படுத்துறதா? சாவிய குடுங்க."

"சாவிய தர்றேன். கூடவே ஆண்டறிக்கை, நன்கொடைக்காரங்களுக்கு எழுதுற கடிதம், ஹாலுக்கு ஆள் பிடிக்கிறது எல்லாத்தையும் நீங்களே பாத்துக்குங்க. நான் திங்கக்கிழமையிலேர்ந்து வரல."

இந்தப் பேச்சு ஸ்பீக்கரில் போய்க்கொண்டிருந்தது. தலைவர் மைக்கின் தலையை மூடினாரே தவிர அதை அணைக்கவில்லை. பின்வரிசையில் பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். தலைவர் நிமிர்ந்தார். மனிதர் சாதுரியக்காரர், அதையும் சொல்ல வேண்டும். "இந்த ஆண்டு முதல், பொன்னாடை நிறைவு விழாவில்!" என்று கையை உயர்த்தி அறிவித்தார். கைதட்டல் கிடைத்தது. அதன் பிறகு அது அவருடைய யோசனை ஆகிவிட்டது. ஆனால் என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை.

வக்கீல் வெளியே வரும்போது என்னைப் பார்த்து, "அதனால என்னா டீச்சர், நமக்குத் துண்டா முக்கியம்?" என்று பெருந்தன்மையாகச் சிரித்தார். துண்டுதான் முக்கியம் என்பது அடுத்த சனிக்கிழமையே தெரிந்துவிட்டது. வந்துவிட்டார். அதற்கடுத்த வாரமும் வந்தார். இன்ஜினியர் வரவே இல்லை. நல்லதாகப் போயிற்று, பொன்னாடைக்கு முன்பே ஆள் போனால் போனது தெரிகிறது. அவர் இடத்துக்கு ஒரு பள்ளி ஆசிரியையைப் பிடித்துப் போட்டேன். வக்கீலுக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போன் செய்தேன். வருகிறேன் என்று அவர் இழுத்தால் முனியாண்டிக்குக் கொடுத்த வாக்குப்படி ஏசினேன். நீதிபதியின் முன்னால் கர்ஜிக்கிறவர், என்னிடம் "சரி டீச்சர், சரி டீச்சர்" என்பார்.

வந்துவிட்டார், சரி. பாடம் நடத்தத் தெரிய வேண்டுமே! அவருடைய மலாய் கோர்ட்டு மலாய். ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் முடிவதற்குள் மூச்சு வாங்கும். மகேஸ்வரியின் கோளாறு வேறு. எங்கள் பிள்ளைகள் பலருக்கும் இருந்த கோளாறுதான் அது. காராங்கான், அதாவது கட்டுரை, எழுத வராது என்று ஒரே ஒரு மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்துவிடுவார்கள். அவள் மனப்பாடம் செய்திருந்தது வெள்ளம் பற்றிய கட்டுரை. 'என் பள்ளியின் விளையாட்டுப் போட்டி' என்று தலைப்புக் கொடுத்தால், இரண்டாம் பத்தியில் வானம் இருளும், மூன்றாம் பத்தியில் திடல் மூழ்கும். 'என் அபிமான ஆசிரியர்' என்று கொடுத்தார் வக்கீல். ஆசிரியரை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது.

"ஏம்மா, நான் வாரா வாரம் வர்றேனே, எனக்கே இந்தக் கதியா?" என்று வக்கீல் கேட்டார். வகுப்பே சிரித்தது. மகேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்கு வேற எதுவும் எழுத வரல சார். மனசுல தமிழ்லதான் வருது."

வக்கீல் மை போட்டுப் பார்க்கிறவர்போல ஒரு நிமிஷம் அவளையே உற்றுப் பார்த்தார். பிறகு, "பஸ்ஸுல வர்றியே, அது ஒழுங்கா வருதா?" என்று மலாயிலேயே கேட்டார்.

அவ்வளவுதான். பெண் வெடித்துவிட்டாள். பஸ் நிற்காமல் போவது, கண்டக்டர் கத்துவது, கூரை ஒழுகுவது எல்லாம் உடைந்த மலாயில், ஆனால் மலாயில், கொட்டித் தீர்த்தாள். வக்கீல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார். "இத அப்படியே பஸ் கம்பெனிக்குப் புகார்க் கடிதமா எழுது. புகார் எழுதுறது எப்படின்னு நான் சொல்றேன், அது ஒண்ணுதான் எனக்கு நல்லாத் தெரியும்," என்றார். சின்னச் சின்ன வாக்கியமாக வெட்டிக் கொடுத்தார். அன்று வகுப்பு முடியும் நேரம் தாண்டியும் இருவரும் எழுந்திருக்கவில்லை. வெள்ளம் அன்றோடு வடிந்தது.

இப்படி எழுதுவதால் வக்கீல் திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். நடுவில் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சர், அந்தத் துண்டு என்ன கலரு?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கலர் எதுவானால் என்ன, ஆள் வந்தாரே. பெரிய மனசுக்காரர்கள் வருவார்கள் என்று காத்திருந்தால் என் வகுப்பு என்றைக்கோ மூடியிருக்கும்.

பரீட்சை முடிந்தது. மறு வருஷம் முடிவு வந்தபோது மகேஸ்வரி மலாயில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தாள். தாதியர் பயிற்சிக்கு நேர்முகத் தேர்வுக் கடிதமும் வந்தது. தகவல் சொல்ல அவள் போன் செய்தாள். அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம்?

நிறைவு விழா தடபுடலாக நடந்தது, வக்கீலுக்குப் பொன்னாடையும் போர்த்தியாகிவிட்டது. என்னோடு மறுபடியும் பேச ஆரம்பித்திருந்த தலைவர், மகேஸ்வரியை மேடைக்கு அழைத்து, மைக்கை அவள் கையில் கொடுத்து, "சங்கத்துக்கு நன்றி சொல்லும்மா," என்றார்.

அவள் மைக்கைத் தட்டவில்லை, ஊதவில்லை. "கிளாஸ் நடந்த நாளுக்கெல்லாம் நன்றி சார்," என்றாள்.

முதலில் கைதட்டியவர் தலைவர்தான். வக்கீல் தட்டவில்லை. அவருக்குப் புரிந்தது.

முனியாண்டி பின்னால் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். தலைவர் கீழே இறங்கி வந்து அவர் தோளில் கை போட்டார். "அண்ணே, உங்களுக்கு ஒரு பையனும் இருக்கானாமே. அவனையும் அனுப்புங்க, இலவசம்தான்."

"அனுப்புறேன் சார். ஆனா ஒண்ணு. சனிக்கிழமை வாத்தியார் வீட்ட விட்டுக் கெளம்புறப்ப எனக்கு போன் வரணும். எங்க வீட்டுல போன் இல்ல, எதிர்ல மளிகைக் கடையில இருக்கு, கூப்பிட்டுச் சொல்லுவாங்க. போன் வந்தா பையன பஸ் ஏத்துறேன். வரலன்னா அவன் வீட்டுலயே இருக்கட்டும்."

தலைவரின் கை தோளிலிருந்து நழுவியது. "என்னாண்ணே இப்படிப் பேசுறீங்க? இலவசமா சொல்லிக் குடுக்கிறவங்கள இப்படிச் செக் பண்றதா?"

"இலவசம்னுதான் சார் கேக்குறேன். காசு குடுத்துப் படிக்க வச்சா நான் கேக்கவே வேணாமே, அவங்களே வந்துருவாங்க."

முனியாண்டி குரலை உயர்த்தவே இல்லை. சுற்றி நின்றவர்கள் வடைத் தட்டைப் பார்த்தார்கள், மின்விசிறியைப் பார்த்தார்கள். செயலவைக்காரர் ஒருவர் அவசரமாகக் கழிவறைக்குப் போனார். வக்கீல்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். முகம் சிவந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, "அந்தக் கடை நம்பர் என்னாண்ணே?" என்று கேட்டு, விழா அழைப்பிதழின் பின்னால் எழுதிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். செந்தூல் வீட்டில் போன் அடித்தது. எடுத்தேன். பின்னால் மளிகைக் கடைச் சத்தம், முன்னால் முனியாண்டியின் குரல்.

"டீச்சர், வக்கீல் போன் பண்ணிட்டாரு. பையன் பஸ் ஏறிட்டான்."

"ரொம்ப சந்தோஷம் அண்ணே," என்றேன்.

"அது சரி. நீங்க இன்னும் வீட்டுலதானா இருக்கீங்க?"

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, சேலை மாற்ற எழுந்தேன்.